எட்டடி வண்டியும் பத்தடி ரோடும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பேச்சுக்குத்தான் எழுதினேன், கத்தார்ல இருந்த காலத்துல ஃபோர்ட் எஃப்-150 ஓட்டியிருக்கேன்னு. அவ்வளவுதான், இந்த மாசம் வந்த கடிதத்துல பாதி அந்த பெரிய அமெரிக்கன் பிக்அப் பத்தியே. நம்ம பக்கம் கெப்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் புரியும், டபள் கெப்னா நாலு கதவு பிக்அப், ஹைலக்ஸ், எல்200, நவாரா மாதிரி. இவங்க கேக்குறது அதுக்கும் ஒரு சைஸ் மேல, அமெரிக்காவுல ஃபுல் சைஸ்னு சொல்ற எஃப்-150, செவ்ரோலெட் சில்வராடோ, ரேம் 1500, டொயோட்டா டன்ட்ரா இந்த வகை. சரி, பெட்டரி கேள்வி வைப்பர் கேள்வி எல்லாம் அடுத்த மாசம் பாப்போம், இப்ப இதையே முடிச்சிருவோம்.

கந்தப்பளையிலிருந்து ஒரு மரக்கறி விவசாயி: எங்களுக்கு லீக்ஸ், கெரட், கோவா. பழைய டபள் கெப் ஒன்னு இருக்கு. பெரிய அமெரிக்கன் பிக்அப் எடுத்தா ரெண்டு டிரிப் போறதை ஒரே டிரிப்ல முடிச்சிரலாம்னு மகன் சொல்றான். அண்ணன் என்ன சொல்றீங்க?

மகன் விளம்பரம் பாத்திருக்கார் போல. அந்த விளம்பரத்துல 14,000 பவுண்ட், அதாவது 6 டன்னுக்கு மேல இழுக்கும்னு போட்டிருப்பான், அது பொய் இல்ல, ஆனா அது பின்னால டிரெய்லர் மாட்டி இழுக்குற கணக்கு, அதுவும் அதுக்குன்னே எஞ்சினும் பேக்கேஜும் பாத்து வாங்கின வண்டிக்கு. முதுகுல தூக்குற கணக்கு வேற. கந்தப்பளை ரோட்டுல டிரெய்லர் இழுத்துக்கிட்டு போறவங்களை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்தது கெழங்கு ஏத்தின ட்ரெக்டரை மட்டும்தான்.

முதுகு கணக்கு எங்க இருக்குன்னா, டிரைவர் கதவைத் திறந்தா அந்த தூண்ல ஒரு மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆளும் சாமானும் சேத்து இத்தனை கிலோவுக்கு மேல ஏத்தாதன்னு. சேத்துன்னு சொல்றதைக் கவனிங்க. நாலு கதவு, ஃபோர் வீல், லெதர் சீட் எல்லாம் போட்ட எஃப்-150ல அந்த எண் பெரும்பாலும் 700, 800 கிலோவுலதான் நிக்கும். அதே கம்பனி 1,500 கிலோ தூக்குற மாதிரியும் செய்றான், ஆனா அது அலங்காரம் ஒன்னும் இல்லாத வேலை வண்டி, ஸ்பெஷலா ஓடர் பண்ணணும். நம்ம ஹைலக்ஸ் ஏறக்குறைய ஒரு டன் தூக்கும். நம்ப மாட்டீங்க, நானும் முதல்ல நம்பல. பெரிய வண்டி கம்மியா தூக்குறது எப்படின்னா, அந்த பெரிய கெபின், கண்ணாடிக் கூரை, மோட்டர் வச்ச சீட் எல்லாத்தோட பாரமும் ஸ்பிரிங் மேலதான் உக்காருது, ஸ்பிரிங்கையும் சொகுசுக்காக கொஞ்சம் மெதுவா வச்சிருக்கான்.

கணக்கா சொல்றேன். ஸ்டிக்கர்ல 750ன்னு வையுங்க, நீங்களும் மகனும் உக்காந்தா 150 போச்சு, மிச்சம் 600, ஐம்பது கிலோ மூட்டையா 12. ஹைலக்ஸ்ல 1,000ல 150 போனா 850, அதே மூட்டை 17. இன்னொன்னு, கத்தார்ல நான் வேலை செஞ்ச எடத்துல ஒரு நாள் அவசரம்னு 20 சீமெந்து மூட்டையை ஏத்தி அனுப்புனாங்க, சரியா ஒரு டன். பின்பக்கம் உக்காந்து முன்பக்கம் தூக்கிக்கிச்சு, ஹெட்லைட் ரெண்டும் வானத்தைப் பாக்குது, எதிர்ல வர்றவன் எல்லாம் லைட் அடிச்சு திட்டுறான், ரவுண்டபவுட்டுல பிரேக்கை மிதிச்சா வண்டி நான் சொன்ன எடத்துல நிக்கல, அதுக்கு தோணின எடத்துல நின்னுச்சு. அது தட்டையான பாலைவன ரோடு. அதை எடுத்துக்கிட்டு நுவரெலியாவுல இருந்து ரம்பொடை எறங்கி தம்புள்ளைக்கு 150 கிலோமீட்டர் போறதை நெனச்சுப் பாருங்க.

உங்களுக்கு ரெண்டு டிரிப்பை ஒன்னாக்கணும்னா கென்டர் மாதிரி ஒரு லொறிதான். பழைய கெப்பை விக்காதீங்க, தோட்டத்துக்குள்ள எறங்க அது வேணும்.

ஹட்டனிலிருந்து ஒரு அப்பா: மகன் கனடாவுல கல்கரியில வேலை செய்றான். வீட்டு வேலை கொண்ட்ராக்ட் எடுக்குறான், எஃப்-150 பாவிச்சது ஒன்னு வாங்கப் போறேன்னு போன்ல சொல்றான். அது நல்ல வண்டியா, காசை முழுங்குமா?

அந்த ஊருக்கு அது நல்ல வண்டிங்க, பயப்படாதீங்க. ஃபோர்டோட எஃப் வரிசை 1948ல ஆரம்பிச்சது, 1977ல இருந்து அமெரிக்காவுல அதிகமா விக்கிற பிக்அப் அதுதான், கனடாவுலயும் எங்க திரும்பினாலும் அதுதான் நிக்கும். அதனால உதிரிப்பாகத்துக்கோ மெக்கானிக்குக்கோ அலைய வேண்டியதில்ல. ரோடு அகலம், பார்க்கிங் அகலம், பத்து மணித்தியாலம் நேரா ஓட்டினாலும் இடுப்பு வலிக்காது. பின் சீட்டைத் தூக்கி மடிச்சா தரை தட்டையா வரும், ட்ரில் மெஷின், பெயின்ட் டின் எல்லாத்தையும் உள்ளுக்கே வச்சு பூட்டிரலாம், பனியில நனையாது. டிரெய்லர் போட்டு பலகை, ஜிப்சம் போர்ட் இழுக்குறவனுக்கு மேல சொன்ன அந்த இழுவை கணக்கு நெசமாவே பிரயோசனப்படும். 2021 மொடல்ல இருந்து வந்த ஹைப்ரிட்ல 7.2 கிலோவாட் வரைக்கும் கரண்ட் எடுக்குற மாதிரி ப்ளக் பொயின்ட்டோட ஒரு ஒப்ஷனும் இருக்கு, வாள் மெஷினை வண்டியிலயே சொருகலாம். அது மட்டும் நம்ம லயத்துப் பக்கம் ஒன்னு நின்னா, கரண்ட் கட் ஆன ராத்திரியில பத்து வீட்டுக்கு லைட்டும் டீவியும் ஓடும்னு நெனச்சு எனக்கு கொஞ்சம் பொறாமைதான்.

பலவீனம் சொல்றேன், இதை அப்படியே மகனுக்கு வட்ஸ்அப்ல அனுப்புங்க. பின்னால சாமான் இல்லாத பிக்அப்புக்கு பின் சில்லுல பாரமே இல்ல, ஐஸ்ல வாலை ஆட்டும், அதுக்குத்தான் அங்க ஆளுங்க குளிர்காலத்துல அச்சுக்கு மேல மண் மூட்டை போட்டு கட்டி வைப்பாங்க. கல்கரியில சில நாள் மைனஸ் 30 போகும், அதனால குளிர்ல எஞ்சினைச் சூடாக்கி வைக்கிற ப்ளொக் ஹீட்டர் இருக்கான்னு கேக்கணும். 2015 மொடல்ல இருந்து எஃப்-150 பொடி அலுமினியம், துருப் பிடிக்காது, ஆனா கீழ சேசிஸ் இரும்புதான், ரோட்டுல போடுற உப்பு அதைத் தின்னும், படுத்துப் பாக்கச் சொல்லுங்க. எண்ணெய்னு பாத்தா பெட்ரோல் வி8க்கு, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு, அங்க லீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர், டவுனுக்குள்ள அதுக்கும் கீழ.

பாவிச்சதுன்னு சொன்னதால எஞ்சின் விஷயம் முக்கியம். 2004ல இருந்து 2008 வரைக்கும் வந்த 5.4 லீட்டர் வி8ல ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டப் போனா பாதி உள்ளயே ஒடஞ்சு நின்னுரும், அந்த எஞ்சின் சலீசா கெடச்சாலும் வேண்டாம். ஃபோர்ட் மட்டும் இல்ல, டொயோட்டான்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்னு நம்ம ஆளுங்க நெனப்பாங்க, 2022, 2023 மொடல் டன்ட்ராவுல எஞ்சின் செதுக்கின இரும்புத் தூள் உள்ளயே தங்கிருச்சுன்னு 2024ல ஏறக்குறைய ஒரு லட்சம் வண்டியைத் திருப்பிக் கூப்பிட்டாங்க. எந்த வண்டியா இருந்தாலும் சேசிஸ் நம்பரைப் போட்டு ரீகோல் பாக்கி இருக்கான்னு முதல்ல பாக்கணும். என்னைக் கேட்டா 2.7 லீட்டர் சின்ன வி6 டர்போ, ஆறு சிலிண்டர், போதும், சின்னதுன்னாலும் 325 குதிரை சக்தி, மகன் என்ன கப்பலா இழுக்கப் போறான். சொகுசு கூட வேணும்னா ரேம், அதுல பின்னால பட்டை ஸ்பிரிங் இல்ல, கொயில், வெறுமையா போறப்ப குதிக்காது.

வாங்குறதுக்கு முன்னால ஒரு சனி ஞாயிறு வாடகைக்கு எடுத்து அவன் இருக்குற அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ஒரு தடவை விட்டுப் பாக்கட்டும். கிட்டத்தட்ட 19 அடி 4 அங்குலம் நீளம். கோட்டுக்கு வெளிய மூக்கு நீட்டிக்கிட்டு நிக்கும்.

பண்டாரவளையிலிருந்து ஒருத்தர்: ஹோம் ஸ்டே நடத்துறேன். வெளிநாட்டு கெஸ்டுக்கு ஒரு கெத்தா இருக்கும்னு ஃபுல் சைஸ் பிக்அப் ஒன்னு எறக்கலாம்னு யோசனை. இறக்குமதியும் திறந்துட்டாங்களே. நம்ம ரோட்டுக்கு சரிவருமா?

கெத்துக்கு வண்டி வாங்குறவங்களுக்கு நான் பதில் சொல்றதில்ல, ஆனா கடைசியில ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க, அதனால சொல்றேன்.

உங்க மாதிரியே இங்க ஒரு கூட்டாளி ஒத்தக்கால்ல நின்னார். வாய்ல சொன்னா கேக்கல. எஃப்-150 பக்கக் கண்ணாடி ரெண்டையும் விரிச்சா இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும் கிட்டத்தட்ட எட்டடி வரும். அதனால ஒரு மூங்கிலை எட்டடிக்கு வெட்டி, அவரோட ஹைலக்ஸ் பொனட் மேல குறுக்க வச்சு, ரெண்டு நுனியிலயும் செவப்புத் துணி கட்டி, ஃபெக்டரி முன்னால இருந்து அவர் வீடு வரைக்கும் மூணு கிலோமீட்டர் மெதுவா போனோம். முதல் அடி கோயில் மதில்ல. அடுத்தது கொழுந்து மடுவத்து தூண்ல. சின்னப் பாலத்துல ரெண்டு பக்கமும் மூங்கில் உரசிக்கிட்டே போச்சு, தண்ணிப் பீலியில நின்ன பொம்பளைங்க எல்லாம் சிரிக்கிறாங்க, சாமி தூக்கிட்டுப் போறீங்களான்னு. பத்தடி ரோட்டுல எதிர்ல ஒரு ஆட்டோ வந்துச்சு, ஆட்டோக்காரர் எறங்கி வந்து மூங்கிலைப் பாத்தார், எங்களைப் பாத்தார், ஒன்னும் பேசாம முக்கால் கிலோமீட்டர் ரிவர்ஸ்ல போனார். கூட்டாளி அன்னைக்கே மனசு மாறிட்டார். நீங்களும் ஒரு மூங்கில் வெட்டுங்க, செலவில்ல.

அகலம் ஒரு பக்கம், திரும்புறது இன்னொரு பக்கம். முழுசா ஒரு வட்டம் அடிக்க எஃப்-150 நாலு கதவு வண்டிக்கு 47 அடிக்கு மேல எடம் வேணும், ஹைலக்ஸுக்கு 42. அஞ்சு அடிதானேன்னு தோணும். ஆனா தோட்டத்து முடக்குல ஹைலக்ஸே சில எடத்துல ஒடிச்சுப் பிடிச்சுத்தான் ஏறுது, அந்த அஞ்சு அடி உங்களை ஒவ்வொரு முடக்குலயும் நிப்பாட்டி ரிவர்ஸ் போட வைக்கும், பின் சில்லு பள்ளத்துப் பக்கம், உள்ள கெஸ்ட்.

ஸ்டியரிங் விஷயமும் இருக்கு. இந்த வண்டியில பெரும்பாலானது இடது பக்க ஸ்டியரிங். ஒஸ்திரேலியாவுல வலப்பக்கம் மாத்தி விக்கிறாங்க, விலையும் அதுக்கேத்த மாதிரி. நாம இடது பக்கம் ஓட்டுற நாடு, இடது பக்கம் உக்காந்தா காணு ஓரம் நல்லா தெரியும், அந்த ஒரு லாபம் இருக்கு, ஆனா முன்னால போற பஸ்ஸைத் தாண்ட எதிர்ல என்ன வருதுன்னு பாக்கணும்னா முழு வண்டியையும் எதிர்ப் பக்கம் நீட்டணும். எல்ல ரோட்டுல அதைச் செஞ்சு பாக்காதீங்க. இடது பக்க ஸ்டியரிங் வண்டியைக் கொண்டுவரலாமா, பதியலாமான்னு சுங்கத்துலயும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துலயும் எழுத்துல கேட்டு வாங்காம யாருக்கும் அட்வான்ஸ் குடுத்துராதீங்க. 2020 மார்ச்சுல நிப்பாட்டின இறக்குமதி 2025 பெப்ரவரியில திறந்தது உண்மை, அதோட வரியும் சேந்து வந்துச்சு, 5,000 சிசி எஞ்சினுக்கு வர்ற கணக்கை உக்காந்துக்கிட்டே பாருங்க.

அப்புறம் அடிபட்டா? அலுமினியம் பொடியை நம்ம டிங்கரிங் பாஸ் இரும்பைத் தட்டுற மாதிரி சூடு காட்டித் தட்ட முடியாது, அதுக்கு வேற வெல்டிங், வேற ஆயுதம். சில்லு கழண்டா ஹைலக்ஸ் ரிம் மாட்டலாம்னு நெனக்காதீங்க, ரெண்டுலயும் ஆறு நட்டுதான், ஆனா ஹைலக்ஸுக்கு நட்டு வட்டம் 139.7 மில்லிமீட்டர், எஃப்-150க்கு 135, ஏறாது. ஒரு கல்லு குத்தினா கொழும்புல இருந்து சாமான் வர்ற வரைக்கும் வண்டி முத்தத்துல நிக்கும். கெஸ்ட் படம் எடுத்துக்கலாம்.

தலவாக்கலையிலிருந்து ஒரு டிரைவர்: மழைக்காலம் முழுக்க ஃபோர் வீல் போட்டே ஓட்டலாமா?

சேறு, ஈரப் புல்லு, கல்லு ரோடு, சரி. காஞ்ச தார் ரோட்டுல வேண்டாம். நம்ம கெப்புல பெரும்பாலும் நடுவுல டிஃபரன்ஷியல், அதாவது முன் சில்லையும் பின் சில்லையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற பல்சக்கரம், கெடையாது, திரும்பும்போது முன் சில்லும் பின் சில்லும் வேற வேற தூரம் ஓடணும், ஓட முடியாம கியர்பொக்ஸ் முறுக்கிக்கும். ஸ்டியரிங் கனத்து வண்டி இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தா அதுதான்.

நுவரெலியாவிலிருந்து: கொழும்புல பறக்குற வண்டி இங்க வந்ததும் மூச்சு வாங்குது. எஞ்சின் கோளாறா?

காத்துக் கோளாறு. ஆயிரம் அடி ஏறினா டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை விடும். நுவரெலியா 1,868 மீட்டர், 6,100 அடிக்கு மேல, அப்ப கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு பாணந்துறை கடற்கரையிலேயே நின்னுருச்சுன்னு வையுங்க. டர்போ வச்சது மெல்லிய காத்தையும் அமுக்கி உள்ள தள்ளுறதால அவ்வளவு தெரியாது. அமெரிக்கன் பிக்அப் கேக்குறவங்களுக்கும் இதைத்தான் சொல்றது, பெரிய வி8 சத்தத்துக்கு மயங்காதீங்க, நம்ம உயரத்துல சின்ன வி6 டர்போ அதை விட லேசா ஏறும். கறுப்புப் புகை நிறைய வந்தா மட்டும் எயார் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்க.

வெலிமடையிலிருந்து ஒரு டீச்சர்: வீட்டுக்காரரோட டபள் கெப்பை நான்தான் ஓட்டுறேன். எறக்கத்துல பிரேக் கருகுற வாசம் வருது. கராஜ்ல ஒன்னும் இல்லன்னு சொல்றாங்க.

ஒன்னும் இல்லாமலும் இருக்கலாம் டீச்சர். ஏறினப்ப எந்த கியரோ எறங்குறதும் அதே கியர்னு நம்ம பழைய லொறிக்காரங்க சொல்வாங்க, அது சட்டம் மாதிரி. பிரேக்ல காலை வச்சுக்கிட்டே எறங்கினா சூடு ஏறி ஒரு கட்டத்துல பிடிக்கவே பிடிக்காது, நானுஓயா ரதல்ல குறுக்கு ரோட்டுல பெரிய வண்டியை விடாததும் இதே காரணம்தான். ஓட்டோ கியர்னா டி-யில விட்டுறாம கையால ரெண்டு, மூணுக்குக் கொண்டுவாங்க. எஞ்சின் கத்தும், கத்தட்டும், அது அழுகை இல்ல, அது வேலை செய்ற சத்தம். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தமா மிதிங்க.

அந்த பெரிய பிக்அப்ல எனக்கு உண்மையில ஆசைப்பட்ட சாமான் ஒன்னு இருக்குன்னா இதுதான், டோ ஹோல்னு ஒரு பட்டன், அழுத்திட்டா எறக்கத்துல பிரேக்கை ஒரு தடவை தொட்டாலே அதுவா கியரைக் குறைச்சுப் பிடிச்சுக்கும். பாலைவனத்துல அதுக்கு வேலையே இல்ல. ரம்பொடையில இருக்க வேண்டிய பட்டன், தோஹாவுல தூசி பிடிச்சுக் கெடந்துச்சு.

வாசம் அதுக்குப் பிறகும் வந்தா ஒரு சில்லு மட்டும் சுடுதான்னு பக்கத்துல கையைக் காட்டிப் பாருங்க, தொட்டுறாதீங்க. ஒன்னு மட்டும் சுட்டா பிரேக்கை அமுக்கிப் பிடிக்கிற கெலிபர் ஒட்டிக்கிச்சு, வேற கராஜுக்குப் போங்க.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி: ஹைலக்ஸை அமெரிக்கன் பிக்அப் மாதிரி ஆக்க நாலு அங்குலம் தூக்கி 33 அங்குல டயர் போடலாமா?

போடலாம் தம்பி, பொலிஸ் நிப்பாட்டும்போது என் பேரைச் சொல்லாத. வளைவுல சாயும், பிரேக் தூரம் கூடும், டயர் முன்னால மட்கார்டுல உரசும், அம்மாவுக்கு ஏற ஸ்டூல் வேணும்.

இராகலையிலிருந்து: ஊருக்கெல்லாம் புத்தி சொல்றீங்களே, உங்க வண்டி என்ன?

1998 ஹைலக்ஸ், சிங்கள் கெப், 2.8 லீட்டர் டர்போ இல்லாத டீசல். கந்தப்பளை ஏத்தத்துல பின்னால வர்ற ஆட்டோ ஹோர்ன் அடிக்கும், நான் கையைக் காட்டி வழி விடுவேன். ஏசி இல்ல, இந்தக் குளிருக்கு தேவையும் இல்ல. இடது பக்கக் கண்ணாடி போன வருஷம் பத்தடி ரோட்டுல கோவா லொறிக்கு வழி விடப் போய் மதில்ல அடிச்சு போயிருச்சு, இன்னும் வாங்கி மாட்டல. அந்த எட்டடி மூங்கில் இப்பவும் பின்னாலதான் கெடக்கு, யாருக்காவது அளக்க வேணும்னா வந்து எடுத்துக்கிட்டுப் போகலாம், திருப்பிக் குடுத்துரணும்.